கையெழுத்துப் போட்டால் கொடுத்த மாதிரிதானே

அன்றைக்கு எங்கள் கோல்ஃப் கிளப் கமிட்டி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். லேடீஸ் செக்‌ஷன் கேப்டன் மேடம். கிளப் செக்ரட்டரி கர்னல் சார். ஆட்டக்காரர்களின் ஹேண்டிகேப் கணக்குப் பார்க்கும் ரேவதி மேடம். பந்து பொறுக்கும் எஸ்தர். நான். நடுவில் டீ வைத்துவிட்டுப் போன கன்னியப்பனைச் சேர்த்தால் ஆறு. ஆனால் அவன் கப்பை வைத்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். எதையும் கேட்டிருக்க மாட்டான்.

இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. இப்போது கிளப்பில் யாரைக் கேட்டாலும், "நானும் அன்னிக்கு இருந்தேன், அந்தப் பொண்ணுக்காக எவ்ளோ பேசினேன் தெரியுமா" என்கிறார்கள். யாரும் இல்லை. பேசினவர் ஒரே ஒருவர், ரேவதி மேடம். அவரும் பாதிதான் பேசினார்.

ஒரகடம் போகிற ரோட்டில், கார் கம்பெனிகளின் பின்சுவரை ஒட்டி இருக்கிற கோல்ஃப் மைதானத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, போன தை மாதம் நின்றேன். நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு பெண்கள் போட்டி நடந்தது. வந்த பெண்களின் தொப்பியிலும் சட்டைக் கையிலும் கம்பெனிப் பெயர்கள். ஷூ ஒரு கம்பெனி, பை ஒரு கம்பெனி. "இவங்கல்லாம் அமெச்சூர்தானா?" என்று கேட்டேன். அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஆடுகிறவர்கள். ஆமாம், விதியைத் தளர்த்திவிட்டார்கள், இப்போது கம்பெனிக்காரர்கள் உதவலாம் என்றார்கள். கற்றுக்கொடுத்துக் காசு வாங்குவது மட்டும் இன்னும் கூடாதாம். எனக்குப் பிறகு என் வேலைக்கு வரவிருந்த கவிதா பக்கத்தில் நின்றுகொண்டு, "யக்கா, இத்தினி வருசத்துல நம்ம ஊரு பொண்ணு ஒண்ணுகூடவா இதுல ஆடல?" என்று கேட்டாள். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். அடுத்த கோஷ்டியைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வேலை நேரத்தில் பேச எனக்குப் பயம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். இருங்காட்டுக்கோட்டையில் அட்டைப்பெட்டி மடிக்கிற யூனிட்டில் கொஞ்ச வருஷம் இருந்தேன். கிளப் வந்தபோது பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ள எடுத்தார்கள். டவல் மடிப்பது, ஷூவின் அடியில் ஒட்டிய புல்லைத் தட்டுவது, லாக்கர் சாவி. பூட்டினேனா பூட்டினேனா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். இதைப் பார்த்துவிட்டுத்தான் கர்னல் சார், "இவ்வளவு பயப்படுகிற ஆள்தான் ஸ்டார்ட்டருக்குச் சரி" என்று வெளியே கூண்டில் உட்காரவைத்தார்.

ஸ்டார்ட்டர் வேலை வெளியே பார்க்கச் சுலபம். யார் எப்போது முதல் அடி அடிப்பது என்று வரிசை போட்டு, பெயரைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். முன்னால் போனவர்கள் இரண்டாவது அடி அடித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் அடுத்தவர்களை விடலாம். ஆட வருகிற கார் கம்பெனிக் கொரியாக்கார மேனேஜர்களுக்குப் பொறுமை கிடையாது. "கோ? கோ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்னால் போகிறவர் மண்டையில் பந்து விழுந்தால் முதலில் போவது என் வேலை. ஒவ்வொரு பந்தும் தரையில் இறங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். காலையில் வந்ததும் பெண்கள் நின்று அடிக்கிற இடத்தைக் காட்டும் சிவப்புக் குண்டுகளைப் பெயர்த்து, புல் தேயாத இடமாகப் பார்த்து நடுவதும் நான்தான்.

பெண்களின் இடம் அந்தக் கிளப்பில் எது என்று அந்தக் குண்டுகளை நட்டு நட்டே தெரிந்துகொண்டேன். லேடீஸ் செக்‌ஷனுக்குத் தனிக் கேப்டன், தனிக் கமிட்டி, தனிக் கோப்பை எல்லாம் உண்டு. பொதுக்குழுவில் ஓட்டு மட்டும் அப்போது கிடையாது. மெம்பர்ஷிப் வீட்டுக்காரர் பெயரில். அவருக்கு மாற்றல் வந்தால் இவர்களுடைய கேப்டன் பதவியும் சேர்ந்து போய்விடும். சனி ஞாயிறு காலை ஆண்களுக்கு. பெண்களுக்குச் செவ்வாயும் வியாழனும். இதை எதிர்த்துக் கேப்டன் மேடம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பெண்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை நான் மறைக்க மாட்டேன். "பொம்பளைன்னா பொழுதுபோகாம வர்றான்னு நெனைக்கிறாங்க மல்லிகா. நாம அமெச்சூர். ஆசைக்காக ஆடறோம், கூலிக்கு இல்ல" என்பார். 'நாம' என்று என்னையும் சேர்த்துச் சொன்னது அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொன்னால்தான் நடந்தது புரியும். மைதானத்துக்குள் மெம்பர்கள் யாரும் காசைத் தொட மாட்டார்கள். இளநீரிலிருந்து பந்து வரைக்கும் எல்லாமே சிட்டு. சின்னத் துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் மாதக் கடைசியில் அவர்கள் பில்லில் ஏறும். அவர்களைப் பொறுத்தவரை பேனாவை மூடினால் காசு கொடுத்தாயிற்று. அந்தச் சிட்டு அக்கவுண்ட்ஸில் எந்த ஆணியில் தொங்குகிறது, இளநீர்க்காரர் கைக்கு எப்போது காசாக வருகிறது என்பதெல்லாம் அவர்கள் காதுக்கு எட்டாது. இளநீர்க்காரர் ஒருமுறை நேரில் கேட்டுவிட்டார் என்று அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

எஸ்தரின் அப்பா எங்கள் மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டினவர். தண்டலத்துக்குப் பக்கத்தில் வீடு. அவள் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வேலைக்கு வந்தாள். கம்பிக்கூண்டு வைத்த வண்டியில் திடலுக்கு நடுவில் போக வேண்டும். சரமாரியாகப் பந்து வந்து கூண்டில் மோதும். "இன்னாக்கா, ஆலங்கட்டி மழை மாதிரி கீது" என்று சிரிப்பாள். சாயங்காலம் யாரும் இல்லாதபோது, மெம்பர் யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப்போன ஒற்றைக் குச்சியை வைத்து அடித்துப் பழகினாள். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து ஆயிரம் பேர் அடிப்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

கிளப்புகளுக்கு நடுவே நடக்கிற பெண்கள் போட்டிக்கு நாலு பேர் வேண்டும். எங்களுக்கு ஒரு வருஷம் மூன்று பேர்தான் இருந்தார்கள். கேப்டன் மேடம் ஒருநாள் திடலில் நின்று எஸ்தர் அடிப்பதைப் பார்த்தார். அடுத்த வாரம் அவளுக்கு ஏதோ ஸ்போர்ட்ஸ் மெம்பர் என்று ஒரு பெயர் கண்டுபிடித்துக் கமிட்டியில் பாஸ் பண்ணிவிட்டார். ரேவதி மேடம் ஹேண்டிகேப் போட்டுக் கொடுத்தார். ஆட்டக்காரரின் கெட்டித்தனத்தை ஓர் எண்ணாகப் போடுவது அது. எண் எவ்வளவு சின்னதோ ஆள் அவ்வளவு பெரியவர். எஸ்தரின் எண் மொத்த லேடீஸ் செக்‌ஷனிலேயே சின்னது. அந்த வருஷம் கோப்பை எங்களுக்கு வந்தது. போட்டோவில் கேப்டன் மேடம் எஸ்தர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தப் போட்டோ இன்னும் மாடிப்படியில் மாட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வகுப்பு ஆரம்பித்தது. கேப்டன் மேடத்துக்குப் பங்கர் என்கிற மணல் குழியில் பந்து விழுந்தால் எழும்பாது. காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கிளப் புரோவிடம் மூன்று மாதம் கற்றுக்கொண்டும் வரவில்லை. எஸ்தர் ஒரே நாளில், "மேடம், பந்தைப் பாக்காதீங்க, அதுக்குப் பின்னாடி மண்ணைப் பாருங்க. மண்ணைத்தான் அடிக்கணும்" என்றாள். பந்து எழும்பியது. மேடம் குழந்தை மாதிரி கைதட்டினார். "ஃப்ரீயா வேணாம் எஸ்தர். உழைப்புக்கு மரியாதை கொடுக்கணும். ஒரு க்ளாஸுக்கு ஐந்நூறு" என்று அவரேதான் சொன்னார். வகுப்பு முடிந்ததும் என் கூண்டுக்கு வந்து, என் பேனாவை வாங்கி, என் மேசைமேலேயே சிட்டில் கையெழுத்துப் போடுவார். செவ்வாய், வியாழன் எல்லாம் அப்படியே நடந்தது.

காசு வரவில்லை. புரோவின் முத்திரை இல்லாத வகுப்புச் சிட்டை அக்கவுண்ட்ஸில் ஏற்க மாட்டார்கள். மேடத்தின் பில்லிலும் ஏற்றவில்லை, எஸ்தருக்கும் சொல்லவில்லை. தனியாக ஒரு கிளிப்பில் போட்டு வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாநிலப் பெண்கள் அமெச்சூர் போட்டி எங்கள் மைதானத்தில் என்று முடிவானது. எஸ்தர் பெயரைக் கொடுத்தார்கள். அதில் முதல் சில இடங்களுக்குள் வந்தால் மாநில அணி, அதற்கப்புறம் ஏதாவது பெரிய கம்பெனியில் விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலை. காண்ட்ராக்டில் பந்து பொறுக்குகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எஸ்தர் மைக் முன்னால் நிற்கிற மாதிரி என் கூண்டில் நின்று, "யக்கா, எம் பேரைக் கூப்டு பாக்கலாம்" என்பாள். நான் கூப்பிடுவேன். "இன்னாக்கா ரேஷன் கடையில கூப்டுற மாதிரி கூப்டுற! இன்னும் கொஞ்சம் கெத்தா!"

நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், ஆணி வைத்த ஷூ வேண்டும். "என் காசு கீதுல்ல, அத்தைக் கேக்கறேன்" என்றாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இளநீர்க்காரர் ஞாபகம். "வாணாம்டி, போட்டி முடியட்டும். நான் கட்டுற சீட்டுப் பணத்தை எடுத்துத் தரேன்" என்றேன்.

"யக்கா, என் காசை நான் கேக்கறதுக்கு நீ ஏன் சீட்டு எடுக்கணும்?"

அவள் அக்கவுண்ட்ஸுக்குப் போய்க் கேட்டாள். அவர்கள் கிளிப்போடு சிட்டுகளைக் கர்னல் சார் மேசைக்கு அனுப்பினார்கள். கற்றுக்கொடுத்துக் காசு வாங்கினால் அமெச்சூர் இல்லை என்பது விதி. எஸ்தரை அமெச்சூர் என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் கர்னல் சார். அதற்குத்தான் அந்தக் கூட்டம்.

கர்னல் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வாயில் 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. "பார்ப்போம்" என்பார். பேனாவை மூடி, மூடியை ஒருமுறை கட்டைவிரலால் அழுத்தினால் பேச்சு முடிந்தது. பெண் மெம்பர் யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார், முழங்கால் வலியோடு, மேசையைப் பிடித்துக்கொண்டாவது. எங்களுக்கு எழுந்திருக்க மாட்டார். நாங்களும் அதை எதிர்பார்த்ததில்லை.

"மல்லிகா, இந்த வகுப்புகள் நடந்தது உண்மையா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"நடந்துச்சு சார். ஆனா காசு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு மல்லிகா" என்றார் கேப்டன் மேடம்.

கர்னல் சார் எஸ்தர் பக்கம் திரும்பினார். "காசுக்குத்தான் எடுத்தியா?"

"மேடம்தான் சார் சொன்னாங்க, க்ளாஸுக்கு ஐந்நூறுன்னு. நான் கேக்கல."

"வந்துதா?" இது ரேவதி மேடம்.

"ஒத்த ரூபா வரல மேடம்."

ரேவதி மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்புறம் என்ன கர்னல்? 'வாங்கினால்'னுதான் ரூல் சொல்லுது. அவ வாங்கவே இல்ல. அவ அமெச்சூர்தான்."

என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றார் கேப்டன் மேடம். "ஒவ்வொரு க்ளாஸுக்கும் நான் சைன் பண்ணியிருக்கேன். இந்தக் கிளப்ல சைன் பண்ணினா கொடுத்த மாதிரிதானே? எத்தனை வருஷமா அப்படித்தானே நடக்குது?"

கர்னல் சார் யோசித்தார். அவர் நல்லவர்தான் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. "மேடம், ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தொகை போய்ச் சேரவில்லை என்று. நான் இப்போதே இவள் பெயரை அனுப்பிவிடுகிறேன்."

மேடம் முகம் சிவந்துவிட்டது. "வேலை வாங்கிட்டுக் காசு கொடுக்காதவன்னு என் கையாலேயே நான் எழுதித் தரணுமா? அதுவும் நான் ஸ்டேட் கமிட்டிக்கு நிக்கிற நேரத்துல? அந்தப் பேப்பர் எங்கெல்லாம் போகும்னு தெரியுமா கர்னல்? பொம்பளைங்க நடத்தினா இப்படித்தான்னு பேசறதுக்கு ஒரு கூட்டமே காத்துக்கிட்டிருக்கு."

எஸ்தர் இரண்டடி முன்னால் வந்தாள்.

"மேடம், காசு எனக்கு வாணாம் மேடம். எப்பவும் கேக்க மாட்டேன். வரலன்னு மட்டும் சொல்லுங்க. எழுதக்கூட வாணாம், வாயால சொன்னாப் போதும்."

கேப்டன் மேடம் டீயைக் கலக்கினார். சர்க்கரை போடாத டீ அது. எதைக் கலக்கினாரோ. "உன்னை என் பொண்ணு மாதிரி நெனச்சேன் எஸ்தர். நேரா என்கிட்ட வந்திருக்கலாம். அக்கவுண்ட்ஸ்ல போய் என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கியே."

ரேவதி மேடத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் போதும். அவர் கேப்டன் மேடத்தைப் பார்த்தார், பிறகு கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். கூட்டம் முடியும்வரை அது கிடைக்கவில்லை.

கர்னல் சார் பேனாவை மூடி, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எஸ்தருக்காக. "மிஸ் எஸ்தர், உங்கள் பெயரைக் கிளப் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஐயாம் சாரி" என்றார். அத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்திக்காக அவர் எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்ததும் அவள் அழுவாள் என்று பயந்து, கையைப் பிடித்துக்கொண்டேன். "யக்கா, நான் இப்ப புரோவாக்கா? அப்போ சம்பளம் ஏறுமா?" என்று சிரித்தாள். சொன்னதோடு நிற்கவில்லை. நேராக அக்கவுண்ட்ஸ் ஜன்னலுக்குப் போனாள். "சார், நான் காசு வாங்கினேன்னு உள்ள தீர்ப்பு சொல்ட்டாங்க. அப்போ குடுத்துருங்க."

உள்ளே இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எந்த கணக்குலம்மா தர்றது? க்ளாஸ் காசு புரோவுக்குத்தான். நீ புரோ இல்லியே. சர்டிபிகேட் கீதா?"

ஒரே கட்டடம், இரண்டு கதவு. ஒரு கதவில் அவள் புரோ, அடுத்த கதவில் புரோ இல்லை.

போட்டி அன்று நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூண்டில் இருந்தேன். எஸ்தருக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் வேறொரு கிளப் பெண்ணின் பெயர். நான் அதைக் கூப்பிட்டேன், கெத்தாகத்தான் கூப்பிட்டேன். அந்தப் பெண்மேல் என்ன தப்பு? அதே நேரம் பயிற்சித் திடலில் ஆட்டக்காரர்கள் கை பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கம்பிக்கூண்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. பந்துகள் மோதுகிற சத்தம் என் கூண்டு வரை கேட்டது.

கொஞ்ச நாள் பொறுத்து, அமெச்சூர் அந்தஸ்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். போட்டாள். கர்னல் சார் அதற்குள் பதவியை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "காசு வாங்கலன்னு நீயே சொல்றே. வாங்கலன்னா அந்தஸ்து போகவே இல்லை. போகாததை எப்படித் திரும்பக் கேக்கறது?" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றோடு அவள் வேலையையும் விட்டாள். இப்போது சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பையன். எப்போதாவது பஸ் ஸ்டாப்பில் பார்ப்பேன், ஷிப்ட் முடிந்து, கழுத்தில் ஐடி கார்டோடு. வீட்டை விசாரிப்பாள், என் பிரஷரை விசாரிப்பாள். ஒரு தடவை, பஸ் ஏறப் போனவள் திரும்பி, "யக்கா, பங்கர்ல மண்ணு மாத்திட்டாங்களாமே, நைஸா கீதா, சொரசொரப்பா கீதா?" என்று கேட்டாள். சொரசொரப்பு என்றேன். "அப்ப ஈசிதான்" என்றாள்.

கேப்டன் மேடம் அந்த வருஷமே ஸ்டேட் கமிட்டிக்கு ஜெயித்தார். இப்போது பெண்களுக்குக் கிளப்பில் ஓட்டு உண்டு. அதுவும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை எழுதட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று அவரே சால்வை போர்த்தினார். எல்லோரும் கேக் தின்று கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து, "உனக்கு ஏதாவது வேணும்னா என்னைக் கேளு மல்லிகா, கூச்சப்படாதே" என்றார். வேலை இனிமேல் போகாது, போய்விட்டது. "எஸ்தர் காசு இன்னும் பாக்கி இருக்கு மேடம்" என்றேன்.

அவருக்கு யார் எஸ்தர் என்று ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆனது. வந்ததும் சிரித்துவிட்டார். மனசு விட்டுத்தான் சிரித்தார். "அடடா, அது இன்னுமா கொடுக்கலை? ஆனா இப்பக் கொடுத்தா அவ நெஜமாவே புரோ ஆயிடுவாளே, பாவம்!"

அன்றைக்கு அந்த அறையில் எஸ்தர் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். கொடுக்கலை. அதைச் சால்வையோடு என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு இனி யாருக்கு என்ன செய்வது?

மொத்தம் முப்பத்தேழு வகுப்புகள், என் மேசைமேல், என் பேனாவில் போட்ட கையெழுத்துகள். பாக்கி பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.